காற்று எந்தப் பக்கம்? கடலோர வீட்டுக்கு வரப்போகிறவர்களின் கேள்விகள்

போன இதழில் மண்டபம் பக்கம் கடலோர வீடு எடுத்துத் தங்குவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சப்பை நிறைய இருக்கின்றன. என்னைத் தெரியாதவர்களுக்கு: ரயில்வேயில் 36 வருஷம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பாம்பன் பாலத்தில் கீமேன். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும், கக்கத்தில் சிவப்பு, பச்சைக் கொடி, கண் தண்டவாளத்தில். நடப்பதுதான் வேலை. 2014-ல் ஓய்வு பெற்றதும் வந்த பணத்தில் வீட்டுக்கு மேலே இரண்டு போர்ஷன் எடுத்துக் கட்டினோம். இணையத்தில் அதற்கு சர்வீஸ் அபார்ட்மென்ட் என்று பெயர். எங்கள் தெருவில் அது கீமேன் வீட்டு மாடி.

டிசம்பர் கடைசியில், அரைப் பரீட்சை லீவில், ஐந்து நாள் ராமநாதபுரம் பக்கம் கடலோர ஃப்ளாட் எடுக்க நினைக்கிறோம். போட்டோவில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கிறது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது ஐயா?
*வாசகி, சேலம்*

வீட்டைப் பார்க்காதீர்கள் அம்மா, வீடு எந்தக் கடலைப் பார்த்து நிற்கிறது என்று பாருங்கள். எங்களுக்குக் கடல் ஒன்று அல்ல, இரண்டு. மண்டபம் ஒரு நாக்கு மாதிரி கடலுக்குள் நீண்டிருக்கிறது. வடக்கே நடந்தால் பாக் விரிகுடா, அது வடகடல். தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா, அது தென்கடல். வடகடல் ஆழமில்லாதது, அடக்கமானது என்பதால் அதைப் பெண்கடல் என்பார்கள். தென்கடல் ஆண்கடல். என் மனைவிக்கு இந்தப் பெயர் பிடிக்காது. "ஐப்பசி, கார்த்திகையில வந்து பாக்கச் சொல்லு, யாரு அடக்கம்னு" என்பாள். அவள் சொல்வதும் சரிதான். எல்லாம் காற்றுதான் காரணம்.

வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது தென்கடல் கொந்தளித்துக் கிடக்கும், வடகடல் குளம் மாதிரி இருக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பிவிடும். வடகிழக்கிலிருந்து வரும் காற்று. இப்போது வடகடல் கலங்கும், கடல்தாழை என்கிற கடற்புல் குவியல் குவியலாகக் கரை ஒதுங்கும். ஒதுங்கியது இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் வரும் வாசனையை எந்தப் போட்டோவிலும் காட்டமாட்டார்கள். அந்த நேரத்தில் தென்கடல் ஓரளவு படிந்திருக்கும்.

ஆகவே டிசம்பர் கடைசிக்குத் தென்கடலைப் பார்த்த வீடு. கோடை லீவில், மே மாதக் கடைசியில் வருகிறவர்கள் வடகடல் பக்கம் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் இரண்டுமே நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் வரவேண்டிய மாதம். ஆனால் பிள்ளைகளுக்கு லீவு இருக்காது, தெரியும்.

வீட்டுக்காரரிடம் போனில் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த மாசம் உங்க வீட்டுக்குக் காத்து எந்தப் பக்கம்?" யோசிக்காமல் பதில் சொன்னால் அவர் அந்த வீட்டில் வாழ்கிறவர். "சூப்பர் வியூ சார்" என்றால், சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு மதுரையில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

காற்றைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். எங்கள் வேலையே அதை வைத்துத்தான். பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி உண்டு. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும், ரயில் பாலத்தில் ஏறாது. எத்தனையோ நாள் மண்டபம் ஸ்டேஷனில் ஒரு ரயில் முழுக்க ஜனங்கள் உட்கார்ந்து, காற்று இறங்கக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். டீக்கடைக்காரருக்கு மட்டும் நல்ல நாள்.

இன்னொன்று, டிசம்பர் என்பதால் சொல்கிறேன். புறப்படுவதற்கு முந்தின நாள் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். புயல் சின்னம் ஏதாவது இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். முன்பணம் போனால் போகிறது.

அப்பா, அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர்களோடு வருகிறோம். முன்பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?
*வாசகர், கோவை*

முதல் கேள்வி தண்ணீர். இந்தக் கரையில் போர் போட்டால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிப்பதற்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர், அல்லது கேன். குளிக்கும் தண்ணீரும் உப்பு என்றால் சோப்பு நுரைக்காது, தலைமுடி நார் மாதிரி ஆகிவிடும், பெரியவர்களுக்கு உடம்பு அரிக்கும். "குளிக்கிற தண்ணி நல்ல தண்ணியா?" என்று தனியாகக் கேளுங்கள். குடிக்க நல்ல தண்ணீர் உண்டு என்று பதில் வந்தால் அது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை.

இரண்டாவது படி. இங்கே லிஃப்ட் வைத்த வீடு குறைவு. வைத்திருந்தாலும் உப்புக் காற்றில் அது வருஷத்தில் பாதி நாள் ரிப்பேர். பெரியவர்களோடு வந்தால் தரைத்தளம் கேளுங்கள். கடல் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் என்ன, முட்டி வலி இல்லாமல் இருக்குமே.

துருவைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் கீமேன் இல்லை. இந்தப் பாலத்தில் தண்டவாளத்தைவிட உப்பைத்தான் அதிகம் காவல் காத்தோம். வீட்டுக்கும் அதே கதிதான். ஏசி, மோட்டார், கேஸ் அடுப்பின் பர்னர், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் மூன்று வருஷத்துக்கு மேல் தாங்கினால் அதிசயம். போன ஆவணியில் எங்கள் வீட்டிலேயே நடந்தது. விருந்தாளி ஒருவர் தலைக்கு ஷாம்பு போட்டு நிற்கும்போது மோட்டார் துருப்பிடித்து நின்றுவிட்டது. நானும் என் மனைவியும் கீழே இருந்து குடம் குடமாகத் தூக்கினோம். மனுஷர் கோபப்படாமல் சிரித்தது எங்கள் அதிர்ஷ்டம். அதிலிருந்து மாற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்புறம் 'கடலை ஒட்டிய அபார்ட்மென்ட்' என்ற விளம்பரம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் கட்டச் சட்டப்படி கட்டுப்பாடு இருக்கிறது. பால்கனியிலிருந்து கால் நனைக்கலாம் என்று யாராவது சொன்னால், ஒன்று அது மிகப் பழைய கட்டடம், அல்லது போட்டோ வேறு ஊர். என்னிடம் வந்து தங்கிய ஒரு குடும்பம், அதற்கு முந்தின வருஷம் ஏதோ ஒரு செயலி மூலம் வேறு வீடு பதிவு செய்து ஏமாந்த கதையைச் சொன்னார்கள். படத்தில் கடல். நேரில் போய் மாடியில் ஏறினால் கருவாடு காயப்போடும் களம். கடல் அதற்கும் அப்பால் ஒரு நீலக் கோடு. பணம் திரும்பக் கிடைக்கவில்லையாம்.

இரண்டு நாளில் ராமேஸ்வரம் கோயில், 22 தீர்த்தம், தனுஷ்கோடி, கலாம் நினைவகம், வில்லூண்டித் தீர்த்தம், திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை, தேவிபட்டினம், ஏர்வாடி, அரியமான் எல்லாம் பார்க்க ஒரு திட்டம் போட்டுத் தருவீர்களா?
*வாசகர், சென்னை*

தரமாட்டேன் தம்பி. இது சுற்றுலா இல்லை, கூரியர் டெலிவரி. இப்படி வருகிறவர்களுக்குக் கடலோர வீடு எதற்கு? பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் லாட்ஜ் போதும். ஐந்து நாள் வாருங்கள். காலையில் ஒரு இடம், மத்தியானம் வீட்டில் சாப்பாடும் தூக்கமும், சாயங்காலம் கரை. அதற்கு மேல் திட்டம் வேண்டாம்.

தனுஷ்கோடிக்கு எப்போது போவது நல்லது? அங்கே குளிக்கலாமா?
*வாசகி, திருச்சி*

விடியலிலேயே கிளம்பிவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயிலும் வேன்களும் சேர்ந்துகொள்ளும். 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டதால் உங்கள் காரிலேயே போகலாம். முன்பெல்லாம் மணலில் ஜீப் குலுங்கிக் குலுங்கிப் போகும். சாயங்காலம் போய்ச் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், இருட்டுவதற்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

குளிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு கடலும் முட்டும் இடம் அது. கரையில் நின்றால் இடுப்பளவு தண்ணீர் போலத் தெரியும், அடியில் இழுப்பு வேறு பக்கம் போகும். நீச்சல் தெரிந்தவர்களையும் அது விட்டுவைத்ததில்லை.

போகிற வழியில் கோதண்டராமர் கோயில் பக்கம் வண்டியை நிறுத்துங்கள். தேங்கிய உவர்நீரில் தை, மாசியில் பூநாரைகள் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெள்ளை வேட்டிகளைக் காயப்போட்ட மாதிரி இருக்கும். பறக்கும்போதுதான் இறக்கைக்குள் இருக்கும் சிவப்பு தெரியும். பறக்க வைப்பதற்காகக் கல் எறியாதீர்கள். எறிகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இடிந்த தேவாலயத்தையும் ஸ்டேஷன் சுவரையும் எல்லோரும் படம் எடுப்பார்கள். நான் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி எனக்குப் பத்து வயது. மண்டபத்தில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம், அப்பா கலாசி, ரயில்வேத் தொழிலாளி. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சரை அன்றைக்குக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த யாரும் திரும்பவில்லை. மறுநாள் அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது அவ்வளவுதான். பாலத்தின் கர்டர்கள் கடலுக்குள் விழுந்து கிடந்தன. அதை 46 நாளில் சரிசெய்து மறுபடி ரயிலை விட்டார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் அதற்குப் பிறகு ரயில் போகவே இல்லை.

அங்கே பார்க்கவேண்டியது என்று நான் சொல்வது வேறு. குடிசைகளுக்குப் பக்கத்தில் மணலில் சின்னப் பள்ளம் தோண்டி வைத்திருப்பார்கள், ஊற்று என்று பெயர். இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் முழங்கை ஆழத்தில் நல்ல தண்ணீர். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. பெண்கள் சிரட்டையால் மெதுவாக மோந்து குடத்தில் ஊற்றுவார்கள். வேகமாக மோந்தால் கலங்கும், இன்னும் ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். கேட்டால் ஒரு சிரட்டை தருவார்கள். குடித்துப் பாருங்கள், கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

ஃப்ளாட்டில் சமையலறை இருக்கிறது என்பதால்தான் ஓட்டல் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மீனை எங்கே, எப்போது வாங்குவது? நாங்கள் பெங்களூரில் ஐஸ் மீனே சாப்பிட்டுப் பழகியவர்கள்.
*வாசகி, பெங்களூரு*

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் மனைவி, "இவங்களுக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதுங்க" என்றாள்.

ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுகள் வடகடலில் எல்லா நாளும் போவதில்லை. திங்கள், புதன், சனிதான் விசைப்படகுக்கு. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. காலையில் போகிற விசைப்படகு மறுநாள் விடியலில் திரும்பும். ஆகவே இறாலும் நண்டும் கணவாயும் நிறைய வேண்டுமென்றால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை. நாட்டுப்படகு மீன் அளவில் குறைவு, ஆனால் வலையிலிருந்து நேரே கரைக்கு வந்தது. எனக்கு அதுதான் பிடிக்கும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். கோடை லீவில் வந்து "என்ன, கடலோரத்தில் மீன் இவ்வளவு விலையா" என்று கரையில் சண்டை போடாதீர்கள். மீன் குஞ்சு பொரித்து வளரட்டும் என்று விட்டிருக்கிற நாட்கள் அவை.

கரைக்குப் போய் 'வஞ்சிரம் இருக்கா' என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். நல்ல பெரிய மீன் ஏலத்திலேயே வெளியூருக்குப் போய்விடும். உங்களுக்கு வேண்டியது கரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிகளிடம் இருக்கிறது. நகரை, விளைமீன், காரல், முரல், எல்லாம் கூறு கட்டி வைத்திருப்பார்கள். எடை கிடையாது, ஒரு கூறு இவ்வளவு. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்கவேண்டும், கண் குழி விழுந்திருக்கக் கூடாது. நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். பெரிதாக இருந்து எடை இல்லையென்றால் ஓடு மட்டும்தான், உள்ளே சதை இருக்காது. கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுத்தால் அரிவாள்மனையில் அங்கேயே ஆய்ந்து தருவார்கள். காரலை நீங்களே ஆய்கிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுபோனால் மத்தியானச் சாப்பாடு சாயங்காலம்தான்.

விளைமீன் குழம்பு எங்கள் வீட்டில் இப்படி. ராமநாதபுரம் முண்டு மிளகாய் தெரியுமா? குண்டாக, உருண்டையாக இருக்கும், தோல் தடிமன். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ராமநாதபுரம் சந்தையில் கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். பத்து மிளகாய், இரண்டு கை மல்லி, கொஞ்சம் சீரகம், எட்டு சின்ன வெங்காயம், இவற்றை எண்ணெய் விடாமல் வறுத்து, அரை மூடித் தேங்காயோடு மை போல அரைக்கவேண்டும். மண்சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், கறிவேப்பிலை, தட்டிய பூண்டு. தக்காளி ஒன்றே ஒன்று. புளியைக் கரைத்து ஊற்றி, அரைத்ததைக் கலந்து, நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரியும்போதுதான் மீன். மீனைப் போட்ட பிறகு கரண்டி விடக்கூடாது. சட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றவேண்டும். எட்டு நிமிஷம் போதும். இறக்கியதும் சாப்பிட்டுவிடாதீர்கள். மூடி வைத்துவிட்டுக் கடலில் ஒரு குளியல் போட்டு வாருங்கள், அதற்குள் புளி மீனில் இறங்கியிருக்கும்.

உங்கள் ஃப்ளாட்டில் மண்சட்டி இருக்காது. நான்ஸ்டிக் கடாய்தான் வைத்திருப்பார்கள். வீட்டுக்காரரிடம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். நாங்களே மேல் போர்ஷனுக்கு இரண்டு சட்டி வைத்திருக்கிறோம்.

மீன் சாப்பிடாத மாமியார் கூட வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மாசியிலிருந்து ஆனி வரை பதநீரும் நுங்கும் உண்டு. தை மாதம் என்றால் பனங்கிழங்கு. கீழக்கரைப் பக்கம் போனால் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு மணிக்கணக்காகக் கிண்டுவது. கறுப்பாக, பளபளவென்று, பல்லில் ஒட்டும். மாமியார் வழிக்கு வருவார்.

பிள்ளைகளுக்கு ஆறும் ஒன்பதும் வயது. கடலைப் பார்த்தால் கட்டுப்படுத்த முடியாது. எங்கே பயமில்லாமல் இறக்கலாம்?
*வாசகர், கரூர்*

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான். வடகடல்தான். சவுக்குத் தோப்பு நிழல் உண்டு, வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறாது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டமும் குப்பையும். பிரப்பன்வலசையும் அப்படித்தான், கொஞ்சம் அமைதி. அங்கே துடுப்புப் படகு சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பயமில்லாத கடல் என்று ஒன்று கிடையாது தம்பி. இரண்டு விஷயம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒன்று, மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துக்கொண்டே நடக்கவேண்டும். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். கால் உரசி வருவது தெரிந்தால் அதுவே ஓடிவிடும், மேலே மிதித்தால்தான் வாலால் அடிக்கும். என் பேரன் இதை 'ரயில் நடை' என்று பெயர் வைத்து வீட்டுக்குள்ளும் அப்படியே நடக்கிறான். மற்றது சொறி, அதாவது ஜெல்லி மீன். கண்ணாடிப் பை மாதிரி மிதக்கும், கரையில் செத்துக் கிடந்தாலும் தொடக்கூடாது. பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவுங்கள். மூச்சு வாங்கினாலோ வீக்கம் ஏறினாலோ நேரே ஆஸ்பத்திரி.

சங்கு, சோழி வாங்க ஆசைப்பட்டால் கடையில் பார்த்து வாங்குங்கள். பவளக்கல், கடல்குதிரை, கடல் அட்டை என்று யாராவது காதோரம் கிசுகிசுத்தால் நகர்ந்துவிடுங்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம், காய்ந்து கிடந்தாலும் குற்றம்தான். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. எந்தப் படகுக்காரர் கூப்பிட்டாலும் ஏறிப் போய்விட முடியாது. வனத்துறை அனுமதித்த படகு ஓடினால் மட்டும் போங்கள்.

தொண்டிப் பக்கம் காரங்காட்டுக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை ஏற்பாட்டில் படகு போகிறது, ஊர்க்காரர்களே ஓட்டுகிறார்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மூச்சு விடுவதற்கு. உங்கள் ஒன்பது வயசுக்காரன் கேட்கும் கேள்விகளுக்குப் படகுக்காரரிடம் பதில் இருக்கும்.

ராமேஸ்வரம் ஏற்கெனவே மூன்று முறை பார்த்தாயிற்று. கூட்டமில்லாமல் ஒரே ஒரு இடம் சொல்லுங்களேன்.
*வாசகர், தூத்துக்குடி*

ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசம். வெளியே பஜார் இரைச்சல், உள்ளே போனால் சுவரும் கூரையும் முழுக்க ஓவியம். சேதுபதிகள் தர்பார், போர், ராமாயணம், வெள்ளைக்காரர்கள் வந்து நிற்பது எல்லாம் இருக்கும். தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக இருக்கிறது. நான் போனபோது என்னையும் காவலரையும் தவிர ஆள் இல்லை. கழுத்து வலிக்க மேலே பார்த்துவிட்டு, ஒரு தூணோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். வெளியே நாற்பது டிகிரி, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கோயில்தான் வேண்டுமென்றால் உத்தரகோசமங்கை. மரகத நடராஜர் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருப்பார், மார்கழித் திருவாதிரைக்கு மட்டும் களைவார்கள். அந்த ஒரு நாள் தவிர மற்ற நாள் போனால் பிரகாரத்தில் நிம்மதியாக நடக்கலாம்.

இரவுக்கு இவ்வளவு வாடகை கொடுத்துவிட்டு 'வீட்டில் இரு, தூங்கு, கரையில் உட்கார்' என்கிறீர்கள். உட்கார்ந்து என்னதான் பார்ப்பது?
*வாசகர், மதுரை*

மதுரைக்காரர் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். சரி, நேற்றுக் காலை எங்கள் மாடியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஐந்தரைக்குப் பாசி எடுக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் போனார்கள். புடவை மேல் ஆண்கள் சட்டை, விரலுக்குத் துணி சுற்று, கண்ணுக்கு மூடி, காலுக்குத் தகரத்தையோ பழைய செருப்பையோ வெட்டிக் கட்டிய பட்டை. மரிக்கொழுந்துப் பாசிக்குப் பாறையில் மூழ்கவேண்டும், பாறை கையைக் கிழிக்கும். கட்டக்கோரைப் பாசி என்றால் வேறு பருவம். ஒருத்தி சத்தமாக ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தது மாடி வரை கேட்டது. கடைகளில் ஜெல்லியும் ஐஸ்கிரீமும் கெட்டியாக நிற்கச் சேர்க்கும் சரக்கு இந்தப் பாசியிலிருந்துதான் வருகிறது.

ஏழு மணிக்கு மேல் பாலம் பக்கம் திரும்பினேன். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறந்தது. கப்பலுக்கு வழிவிட நடுவில் 72.5 மீட்டர் துண்டு அப்படியே கிடையாக மேலே ஏறும், லிஃப்ட் மாதிரி. மோட்டார்தான் தூக்குகிறது. பழைய பாலத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இரும்புத் தடியைச் சுற்றிச் சுற்றித் திறக்கவேண்டியிருந்தது. 1914-ல் போட்ட பல்சக்கரம், எண்ணெய் போட்டால் போதும், சொன்னபடி கேட்கும். கப்பலில் போகிறவர்கள் மேலே நின்று கையசைப்பார்கள், நாங்களும் அசைப்போம். புதுப் பாலம் ஏறுவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் கையசைக்க அங்கே ஆள் இல்லை.

எந்த நாள் எத்தனை மணிக்குப் பாலம் திறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கப்பல் வரவேண்டும், காற்றும் நீரோட்டமும் ஒத்துக்கொள்ளவேண்டும். இரண்டு நாளில் பத்து இடம் பார்க்கிறவர் கண்ணில் அது படாது. ஐந்து நாள் மாடியில் உட்கார்ந்திருக்கிறவர் கண்ணில் படலாம்.

பொங்கலுக்கு உங்கள் மாடி காலியா? வாடகை எவ்வளவு?
*வாசகி, விருதுநகர்*

பத்திரிகையில் என் வீட்டுக்கு விளம்பரம் எழுதினால் ஆசிரியர் அடுத்த மாதத்திலிருந்து இந்தப் பக்கத்தைப் பிடுங்கிவிடுவார். தவிர பொங்கலுக்கு மகள் குடும்பம் வருகிறது, காலி இல்லை. ஆனால் எந்த வீட்டில் தங்கினாலும் துணி உலர்த்தும் கிளிப் இரண்டு டஜன் கையோடு கொண்டு வாருங்கள் தங்கச்சி. பட்டியலில் யாரும் எழுதாத சாமான் அது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேல் போர்ஷன் திண்டுக்கல் குடும்பத்தின் துண்டு ஒன்று பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது துண்டு. தொரட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். மீதிக் கடிதங்கள் அடுத்த இதழில்.